மேற்படி போடும் கம்ப்யூட்டர்

(காரிமங்கலத்தில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



சங்கத்திலிருந்து போன் வந்தது. "இருபது நிமிஷம் பேசணும், மாணவர்களுக்கு உபயோகமா இருக்கணும்" என்றார்கள். "எக்ஸெல்லில் ஒரு பார்முலா தானாகவே கலம் பூரா நிரம்பிவிடுகிறதே, அதை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று பேசுகிறேன்" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தத்தையே காணோம். "ராக்கெட், ரோபோ இந்த மாதிரி எதுவும் இல்லீங்களா?" என்று கேட்டார்கள். இருக்கிறது. ஆனால் இந்த அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் ராக்கெட் விடப்போகிறவர்கள் எத்தனை பேரோ தெரியாது. எக்ஸெல் ஷீட்டில் மற்றவர்களுடைய பணத்தை எழுதப்போகிறவர்கள் முக்கால்வாசிப் பேர். சம்பளப் பட்டியல், மண்டிக் கணக்கு, சீட்டுக் கணக்கு, கட்டட வேலையின் அளவுப் புத்தகம், பால் கணக்கு என்று எல்லாமே இன்றைக்கு அந்தக் கட்டங்களுக்குள்தான் இருக்கிறது. அதனால் தலைப்பை மாற்றவில்லை.

'கலம்' என்று சொன்னேன். ஆங்கிலத்தில் காலம் என்பார்கள். தமிழில் அப்படிச் சொன்னால் நேரம், காலம் என்று குழப்பம் வருகிறது. நம்ம அரசாங்கப் பதிவேடுகளில் 'கலம் 1, கலம் 2' என்று அச்சடித்திருக்கும். அந்தச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன். குறுக்கே போவது வரி, மேலிருந்து கீழே போவது கலம், இரண்டும் சந்திப்பது கட்டம்.

பழைய கணக்குப் புத்தகங்களைப் பார்த்தவர்களுக்கு ஒரு குறி ஞாபகம் இருக்கும். ௸ என்று போடுவார்கள். 'மேற்படி' என்று அர்த்தம். மேல் வரியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே இங்கேயும். ஒரே ஊர், ஒரே விலை, ஒரே சரக்கு என்றால் பக்கம் பூரா மேற்படி, மேற்படி, மேற்படி. ஆனால் அந்தக் குறியைப் போடுவது கணக்குப்பிள்ளையின் கை. ஒவ்வொரு வரிக்கும் கை நின்று போட வேண்டும். ஏதாவது ஒரு வரியில் விஷயம் மாறினால், மேற்படி போடப்போன கை அங்கே நின்றுவிடும்.

கம்ப்யூட்டரில் இந்த வேலை 1979-ல் வந்த விசிகால்க்கிலிருந்தே தொடங்கிவிட்டது. டான் பிரிக்லின், பாப் பிராங்க்ஸ்டன் என்ற இரண்டு பேர் ஆப்பிள் கம்ப்யூட்டருக்காகச் செய்தது. பிறகு 1983-ல் லோட்டஸ் 1-2-3, 1985-ல் மேக்கின்டாஷுக்கு எக்ஸெல், 1987-ல் விண்டோஸுக்கு எக்ஸெல். இவை எல்லாவற்றிலும் ஒரு கட்டத்தில் பார்முலா எழுதிவிட்டு, அதைக் கீழே காப்பி பண்ணுவது நம்முடைய வேலை. நான் படித்த காலத்தில் நம்ம லேப்பில் இருந்தது எக்ஸெல் 2003. சுட்டியால் மூலையைப் பிடித்து கீழே இழுத்துக்கொண்டே போவோம். அறுநூறு வரி இருந்தால் அறுநூறு வரிக்கும் இழுக்க வேண்டும்.

எக்ஸெல் 2007-ல் 'டேபிள்' என்ற அமைப்பை இப்போதுள்ள வடிவில் கொண்டுவந்தார்கள். தகவல் இருக்கும் இடத்தில் நின்று கண்ட்ரோல்-டி அழுத்தினால் போதும், அந்தப் பகுதி டேபிள் ஆகிவிடும். அதில் காலியாக இருக்கும் ஒரு கலத்தில், ஏதாவது ஒரே ஒரு கட்டத்தில் பார்முலா எழுதி என்டர் தட்டினால், மேலேயும் கீழேயும் கலம் முழுக்க அதே பார்முலா ஓடிவிடும். கீழே புது வரி சேர்த்தால் அதிலும் தானாக வந்து உட்காரும். பார்முலாவும் படிக்கிற மாதிரி இருக்கும். =[@லிட்டர்]*[@விலை] என்று தமிழிலேயே தலைப்பு வைத்து எழுதலாம், எக்ஸெல் ஏற்றுக்கொள்ளும். இந்த வசதியை நான் குறை சொல்ல வரவில்லை. இழுத்து இழுத்துப் பாதியில் விட்டுப்போகிற தப்புகளை இது ஏராளமாகக் குறைத்திருக்கிறது. மேற்படியை நம்ம கையிலிருந்து வாங்கி, கம்ப்யூட்டர் தானே போட ஆரம்பித்துவிட்டது, அவ்வளவுதான். விஷயம் மாறுகிற வரி வரும்போது அது நிற்குமா என்பதுதான் கேள்வி.

இனி நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். நம்ம மாவட்டத்திலேயே ஒரு பால் சங்கம். பெயரும் ஊரும் வேண்டாம். அங்கே என் சின்னம்மா பால் ஊற்றுகிறார். இரண்டு கறவை மாடு. காலை, மாலை சேர்த்து நாளைக்கு சுமார் 9 லிட்டர். பத்து நாளைக்கு ஒரு பட்டுவாடா.

சங்கத்துச் செயலாளர் கணக்கை எக்ஸெல் டேபிளில் வைத்திருந்தார். தேதி, உறுப்பினர் எண், லிட்டர், தொகை, கொடுத்தது, பாக்கி. தொகைக் கலத்தில் லிட்டர் பெருக்கல் 32 என்று பார்முலா. பாலின் தரத்தை ஒட்டி விலை கூடும், குறையும். பேச்சு சுலபமாக இருக்கட்டும் என்று அடிப்படை விலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

2022 நவம்பர் 5-ஆம் தேதி முதல் ஆவின் கொள்முதல் விலை உயர்ந்தது உங்களில் மாடு வைத்திருக்கும் வீட்டுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். பசும்பால் லிட்டர் 32 ரூபாயிலிருந்து 35 ரூபாய். எருமைப்பால் 41-லிருந்து 44. தேதியைக் கவனியுங்கள். 5-ஆம் தேதி. பத்து நாள் பட்டுவாடாவின் நட்ட நடுவில். முதல் நாலு நாளுக்கு ஒரு விலை, அடுத்த ஆறு நாளுக்கு வேறு விலை.

செயலாளர் 5-ஆம் தேதியின் முதல் வரியில் போய் நின்று, 32 என்பதை 35 என்று திருத்தி என்டர் தட்டினார். நியாயமான காரியம். நோட்டில் என்றால் அப்படித்தான் எழுதியிருப்பார். ஆனால் டேபிள் அந்தத் திருத்தத்தை ஒரு வரியின் திருத்தமாக எடுத்துக்கொள்ளவில்லை, கலத்தின் திருத்தமாக எடுத்துக்கொண்டது. அக்டோபர் 1-ஆம் தேதி வரை ஒரே நொடியில் எல்லாத் தொகையும் 35 கணக்கில் மாறிவிட்டது. சின்னம்மாவின் அக்டோபர் மாதப் பால் 279 லிட்டர். அதற்கு 32 வீதம் பணம் கொடுத்து, அவரும் வாங்கிச் செலவழித்து முடித்தாயிற்று. இப்போது ஷீட் என்ன சொல்கிறது? லிட்டருக்கு 3 ரூபாய் வீதம் 837 ரூபாய் பாக்கி என்கிறது. சங்கத்தில் பால் ஊற்றுகிற அத்தனை பேருக்கும் இதேபோல பாக்கி முளைத்துவிட்டது.

பட்டுவாடாவுக்கு முன்னாடியே அவர் அதைப் பார்த்துவிட்டார். பழைய வரிகளில் தொகையைக் கையாலேயே எண்களாக அடித்துச் சரி செய்தார். ராத்திரி உட்கார்ந்து முப்பத்தைந்து நாள் கணக்கை ஒவ்வொன்றாக அடித்திருக்கிறார் மனிதர். பாக்கி எல்லாம் பழையபடி ஆனது. அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தார், யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. 2023 டிசம்பர் 18 முதல் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை என்று அரசு அறிவித்தது. மறுபடியும் தேதியைப் பாருங்கள், மறுபடியும் பட்டுவாடாவின் நடுவில். அதே ஷீட். செயலாளர் இந்த முறை எச்சரிக்கையாக இருந்தார். 18-ஆம் தேதியின் முதல் வரியில் 35-ஐ 38 ஆக்கி என்டர் தட்டிவிட்டு, உடனே மேலே போய்ப் பழைய வரிகளைப் பார்த்தார். எதுவும் மாறவில்லை. நிம்மதி. அன்றைக்குப் பால் ஊற்றிய மற்றவர்களின் வரிகளுக்கும் அதைக் காப்பி பண்ணிக்கொண்டார். கணக்கு சரி.

மறுநாள் 19-ஆம் தேதிக்குப் புது வரிகள் சேர்த்தார். தொகை தானாக வந்தது. எந்தப் பார்முலாவோடு? 35-ஓடு.

காரணம் இதுதான். ஒவ்வொரு கலத்துக்கும் 'இதுதான் இந்தக் கலத்தின் பார்முலா' என்று டேபிள் தனியாக ஒன்றை நினைவில் வைத்திருக்கும். நாம் கட்டத்தில் பார்ப்பது அதன் நகல். கலத்தில் எங்கேயாவது ஒரு கட்டத்தில் அந்தப் பார்முலாவுக்குப் பதில் கையால் எண் அடித்துவிட்டால், அது ஒரு விதிவிலக்கு. விதிவிலக்கு ஒன்றாவது இருக்கும் கலத்தில் புதிதாக ஒரு பார்முலா எழுதினால், அது பரவாது. அதுவும் இன்னொரு விதிவிலக்காக அந்தக் கட்டத்திலேயே நின்றுவிடும். நினைவில் இருப்பது பழையதுதான். புது வரிக்குப் போவதும் அந்தப் பழையதுதான். முதல் தடவை பரவக்கூடாத இடத்தில் பரவியது. அதைக் கையால் சரிக்கட்டியதாலேயே, இரண்டாம் தடவை பரவ வேண்டிய இடத்தில் பரவவில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சின்னம்மா பால் அட்டையைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

"தம்பி, மூணு ரூவா சேத்திக் குடுக்கறதா டிவியில சொன்னாங்க. ஒரு நாளைக்கு வந்துது. அப்புறம் காணோம். கவருமெண்டு ஒரு நாளைக்கு மட்டும்தான் குடுத்துச்சா?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 18-ஆம் தேதிக்கு 27 ரூபாய் வந்திருக்கிறது. 19 முதல் 31 வரை பதின்மூன்று நாள், நாளைக்கு 27, ஆக 351 ரூபாய் வரவில்லை. ஜனவரிக் கணக்கு தனி. நமக்கு 351 ரூபாய் ஒரு வேளை ஓட்டல் பில். இரண்டு மாட்டை வைத்துப் பிழைக்கிற வீட்டில் அது தவிட்டுக் காசு.

பணத்தைவிட எனக்குக் கவலை தந்தது தெருவில் ஓடிய பேச்சு. "செயலாளர் தின்னுட்டாரு." அந்த வார்த்தை ஏற்கெனவே நாலு வீடு தாண்டியிருந்தது. இரண்டு பேர் சங்கத்தை விட்டுவிட்டு, வண்டியில் வந்து எடுக்கும் தனியாருக்குப் பால் ஊற்ற ஆரம்பித்திருந்தார்கள். ஒருவர்கூட "கம்ப்யூட்டர் தப்பு பண்ணியிருக்கும்" என்று சொல்லவில்லை. அது பொய் சொல்லாது என்று ஊரில் நம்பிக்கை. ஆக, பொய் சொன்னது மனுஷன்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் செயலாளரும் நானும் அந்த ஷீட்டின் முன்னால் உட்கார்ந்தோம். விட்டுப்போன தொகை மொத்தமும் அடுத்த பட்டுவாடாவில் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. எப்படி விட்டுப்போனது என்று ஒரு தாளில் தமிழில் எழுதி, சங்கத்துச் சுவரில் ஒட்டினார். அதை ஒட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அவராகவே செய்தார். வண்டிக்காரரிடம் போன இரண்டு பேரில் ஒருவர் திரும்பி வந்தார். இன்னொருவர் வரவில்லை.

இப்போது கை வேலைக்கு வருவோம். பின் வரிசையில் இருக்கும் தம்பிகள் நோட்டை எடுத்தால் நல்லது.

பார்முலா எழுதி என்டர் தட்டிய உடனே, கலம் நிரம்பிய அந்த நொடியில், பக்கத்தில் மின்னல் படம் போட்ட ஒரு சின்னப் பொத்தான் தோன்றும். பலபேர் அதை ஒரு தொந்தரவாக நினைத்து மேலே டைப் அடித்துப் போய்விடுகிறார்கள். அதைத் திறந்தால், இந்த ஒரு தடவை நிரப்பியதை மட்டும் ரத்து செய், இனிமேல் தானாக நிரப்பாதே, அமைப்புகளுக்குப் போ என்று மூன்று வழி காட்டும். பொத்தானைத் தேட வேண்டாம் என்றால் கண்ட்ரோல்-இசட்டை ஒரே ஒரு தடவை அழுத்துங்கள். நிரம்பியது போகும், நீங்கள் எழுதிய கட்டத்தில் மட்டும் பார்முலா நிற்கும். இரண்டு தடவை அழுத்தினால் அதுவும் போய்விடும். செயலாளர் அந்த நவம்பர் மாதம் ஒரு தடவை கண்ட்ரோல்-இசட் அழுத்தியிருந்தால் 5-ஆம் தேதி வரி மட்டும் மாறியிருக்கும். ஆனால் அதுவும் விதிவிலக்குதான் என்பதை மறக்கக்கூடாது. புது வரிகள் மறுபடி 32-ஐத்தான் எடுத்திருக்கும்.

நிரந்தரமாக நிறுத்த வேண்டுமென்றால் பைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், அதில் ஆட்டோ கரெக்ட் ஆப்ஷன்ஸ், அதற்குள் 'ஆட்டோ பார்மேட் ஆஸ் யூ டைப்' என்ற பக்கம். கடைசியில் 'ஃபில் பார்முலாஸ் இன் டேபிள்ஸ்' என்று தொடங்கும் வரிக்கு முன்னால் ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிட்டால் தானாக நிரம்பாது. எழுதிய பிறகு அந்தப் பொத்தான் வந்து, 'கலம் முழுக்க இதையே போடட்டுமா' என்று கேட்கும். எனக்கு இந்த முறைதான் பிடிக்கும். கேட்டுவிட்டுச் செய்வது மரியாதை. கூகுள் ஷீட்ஸ் இப்படித்தான், முதலில் கேட்கும், நீங்கள் டிக் அடித்தால்தான் நிரப்பும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அந்த டிக் பைலோடு போகாது, அந்தக் கம்ப்யூட்டரில் உள்ள எக்ஸெல்லோடு இருக்கும். நீங்கள் உங்கள் லேப்டாப்பில் அணைத்துவிட்டு, பைலை மட்டும் பென்டிரைவில் சங்கத்துக்கு அனுப்பினால், அங்கே அது பழையபடி பரவும். அலுவலகத்தில் பத்துப் பேர் ஒரே பைலைத் திறந்தால், பத்து இடத்தில் பத்து விதமாக நடந்துகொள்ளும். மாக்ரோ எழுதுகிறவர்கள் ஒரே வரியில் இதை அணைக்கலாம். வேலை முடிந்ததும் மறுபடி போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்து அந்த இயந்திரத்தில் உட்காருபவர், ஏன் நிரம்பவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்.

விதிவிலக்குகளை எப்படிக் கண்டுபிடிப்பது? கட்டத்தின் இடது மேல் மூலையில் ஒரு சின்னப் பச்சை முக்கோணம் தெரியும். கலத்தின் பார்முலாவோடு இது ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். அதைத் தொட்டுத் திறந்தால், கலத்தின் பார்முலாவையே திரும்பப் போடும் வழியும் அதில் இருக்கும். எரிச்சலாக இருக்கிறது என்று அந்தப் பச்சை முக்கோணங்களை மொத்தமாக அணைத்துவைக்கிற ஆபீஸ்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இன்னொன்று, ஒரு கட்டத்தில் இருந்த பார்முலாவை யாராவது டெலீட் பண்ணி வெறுமையாக விட்டால், அதற்கு முக்கோணம் வராது. பால் கணக்கில் ஒருவருடைய ஒரு நாள் தொகை அப்படியே காணாமல் போகும், திரை அமைதியாக இருக்கும். இதற்கு வேறு வழி உண்டு. எக்ஸெல் 2013 முதல் 'இஸ்பார்முலா' என்று ஒரு பங்ஷன் இருக்கிறது. ஒரு கட்டத்தில் பார்முலா இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும். டேபிளுக்கு வெளியே ஒரு கட்டத்தில், தொகைக் கலத்தில் பார்முலா இல்லாத வரிகள் எத்தனை என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். பூஜ்யம் என்று வர வேண்டும். வேறு எண் வந்தால் பட்டுவாடாவை நிறுத்திவிட்டுத் தேட வேண்டும். வேறு பார்முலா இருக்கும் கட்டத்தை இது பிடிக்காது, அதற்கு முக்கோணம்தான்.

ஏற்கெனவே குழம்பிப்போன கலத்தை ஒட்டுப்போட்டுக்கொண்டே போகாதீர்கள். பைலை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அந்தக் கலத்தின் தகவல் பகுதியை மொத்தமாக அழித்து, காலியான கலத்தில் சரியான பார்முலாவை ஒரே ஒரு தடவை எழுதுங்கள். டேபிளின் நினைவு அப்போதுதான் சுத்தமாகும்.

அப்படியென்றால் பழைய விலை? நிஜமான வேலை இங்கேதான். நான் இதுவரை சொன்ன பொத்தான், டிக் எல்லாம் முதலுதவி. அந்தப் பால் கணக்கில் மூலக் கோளாறு, விலையைப் பார்முலாவுக்குள் புதைத்தது. 32 என்பது விதி இல்லை, அது ஒரு தகவல். நாளைக்கு மாறும். மாறுகிற எதையும் பார்முலாவுக்குள் எண்ணாக எழுதக்கூடாது.

நாங்கள் என்ன செய்தோம் என்றால், தனியாக ஒரு சின்ன விலைப் பட்டியல் போட்டோம். எந்தத் தேதி முதல், விலை என்ன, ஊக்கத்தொகை என்ன என்று மூன்றே கலம். 1-10-2022 முதல் 32, ஊக்கம் 0. 5-11-2022 முதல் 35, ஊக்கம் 0. 18-12-2023 முதல் 35, ஊக்கம் 3. பால் டேபிளில் விலைக்கு ஒரு கலம், ஊக்க வீதத்துக்கு ஒரு கலம். அந்த வரியின் தேதியைக் கொண்டு போய்ப் பட்டியலில் தேடி, அந்தத் தேதிக்கோ அதற்கு முந்தைய கடைசித் தேதிக்கோ உள்ள விலையை எடுத்துவரச் சொன்னோம். புது எக்ஸெல்லில் எக்ஸ்லுக்கப் இருக்கிறது, அதில் 'சரியாக இல்லாவிட்டால் அடுத்த சிறியது' என்று ஒரு தேர்வு உண்டு. பழையதில் விலுக்கப்பே போதும், பட்டியல் தேதி வரிசையில் ஏறுமுகமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இப்போது நவம்பர் 4-ஆம் தேதி வரி தானாக 32 எடுக்கும், 5-ஆம் தேதி வரி 35 எடுக்கும். பார்முலா எல்லா வரியிலும் ஒன்றே ஒன்று. அது எவ்வளவு வேண்டுமானாலும் பரவட்டும், பரவுவதுதான் நல்லது. அடுத்த விலை உயர்வு வரும்போது செயலாளர் பெரிய டேபிளைத் தொடவே வேண்டாம், பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஊக்கத்தொகைக்கு ஏன் தனிக் கலம், 38 என்று சேர்த்தே போட்டால் என்ன என்று செயலாளர் கேட்டார். நல்ல கேள்வி. விலை வேறு, ஊக்கம் வேறு. ஊக்கம் எப்போது வேண்டுமானாலும் கூட்டப்படலாம், நிறுத்தப்படலாம். "எனக்கு மூணு ரூவா வந்துச்சா" என்று ஒரு அம்மா அட்டையோடு வந்து நின்றால், திரையைத் திருப்பி அந்தக் கலத்தைக் காட்ட முடிய வேண்டும். 38-க்குள் மூன்று இருக்கிறது என்று வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்?

மண்டிக் கணக்கிலும் இதேதான். பாலக்கோடு பக்கம் தக்காளி மண்டியில் கணக்கு எழுதும் நம்ம நண்பர் ஒருவர் இங்கே உட்கார்ந்திருக்கிறார். எல்லோருக்கும் ஒரே கமிஷன் இல்லை, பழைய ஆளுக்குக் கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு ஆளின் வரியில் மட்டும் பார்முலாவைத் திருத்தாதீர்கள். கமிஷன் சதவீதத்துக்கு ஒரு கலம் போட்டு, அதில் அவருக்குக் குறைந்த எண்ணை எழுதுங்கள். வித்தியாசம் வெளியே, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கட்டும்.

பட்டுவாடா முடிந்த கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. பணம் கை மாறிய பிறகு அந்தத் தொகை இனி கணக்குப் போடும் விஷயம் இல்லை, நடந்து முடிந்த விஷயம். அது பார்முலாவாக உயிரோடு இருக்கக்கூடாது. அதற்காக அதே டேபிளுக்குள் பார்முலா மேல் எண்களை ஒட்டினால் மறுபடி விதிவிலக்கு, மறுபடி பழைய கதை. முடிந்த பத்து நாளை எடுத்துத் தனி ஷீட்டில், டேபிள் இல்லாமல், வெறும் மதிப்புகளாக ஒட்டி, பிரிண்ட் எடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அந்த ஷீட்டைப் பூட்டலாம். ஓடிக்கொண்டிருக்கும் டேபிள் உள்ள ஷீட்டைப் பூட்டினால், புது வரி சேர்க்கும்போது டேபிள் நீளாது. தினமும் பூட்டைத் திறந்து மூடி அலுத்துப்போய், ஒரு வாரத்தில் திறந்தே விட்டுவிடுவார்கள். நடைமுறையில் நான் பார்த்தது அதுதான்.

இதெல்லாம் பட்டிக்காட்டுப் பால் கணக்கில்தான் நடக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். கார்மன் ரைன்ஹார்ட், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கென்னத் ரோகாஃப் இருவரும் 2010-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு நாட்டின் அரசுக் கடன் அதன் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்பது சாரம். பல நாட்டு அரசியல்வாதிகள் செலவைக் குறைக்க அதை மேற்கோள் காட்டினார்கள். 2013-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவர் தாமஸ் ஹெர்ன்டன், வகுப்புப் பாடத்துக்காக அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். விடை வரவில்லை. அவர்களிடமே எக்ஸெல் பைலைக் கேட்டு வாங்கித் திறந்தார். சராசரி எடுக்கும் பார்முலா இருபது நாடுகளில் பதினைந்தோடு நின்றுவிட்டிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஐந்தும் வெளியே. வேறு சில பிரச்சினைகளும் அந்தக் கட்டுரையில் இருந்தன. எல்லாவற்றையும் சரி செய்தபோது மைனஸ் 0.1 சதவீதம் என்று சொன்ன வளர்ச்சி 2.2 சதவீதமாக வந்தது. அது தானாக நிரம்பியதால் வந்த தப்பு இல்லை, கை பாதியில் நின்றதால் வந்தது. அதனால்தான் தானாக நிரம்பும் வசதியை நான் அடியோடு வெறுக்கவில்லை.

கேட்காமல் உதவி செய்வதில் எக்ஸெல்லின் பெரிய கதை மரபணுக்களுடையது. 'மார்ச் 1', 'செப்ட் 1' என்றெல்லாம் சில மரபணுக்களுக்குச் சுருக்கப் பெயர். எக்ஸெல் அவற்றைத் தேதி என்று நினைத்து மாற்றிவிடும். ஆராய்ச்சிக் கட்டுரைகளின் அட்டவணைகளில் அப்படியே அச்சாகியும் விட்டது. கடைசியில் 2020-ல் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றியது. அந்த மாற்றத்தை அணைக்கும் வசதி எக்ஸெல்லில் 2023-ல் வந்தது. மனிதனின் மரபணு எக்ஸெல்லுக்காகப் பேர் மாற்றிக்கொண்டது என்று சொன்னால் என் மாமனார் இன்னும் நம்பவில்லை.

தம்பி தங்கைகளுக்கு ஒன்று. வேலைக்குச் சேர்ந்ததும் உங்களிடம் யாரோ விட்டுப்போன ஒரு ஷீட்டைக் கொடுப்பார்கள். தொகைக் கலத்தில் மேல் கட்டம், நடுக் கட்டம், கடைசிக் கட்டம் மூன்றையும் தொட்டுப் பாருங்கள், பார்முலா ஒன்றா என்று. பிறகு டேபிளின் கடைசியில் ஒரு பொய் வரி சேர்த்து, என்ன வந்து உட்காருகிறது என்று பாருங்கள். பார்த்துவிட்டு அந்த வரியை அழித்துவிடுங்கள். இரண்டு நிமிஷம் ஆகாது. அந்தச் சங்கத்தில் டிசம்பர் 18-ஆம் தேதி ராத்திரி யாராவது ஒரு பொய் வரி சேர்த்துப் பார்த்திருந்தால், அதில் 35 தெரிந்திருக்கும்.

நேரம் ஆகிறது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சாப்பாடு முடிந்த பிறகு கம்ப்யூட்டர் லேபைத் திறந்து வைப்பதாகத் துறைத்தலைவர் சொல்லியிருக்கிறார். நான் ஒரு மாதிரிப் பால் கணக்கைக் கொண்டுவந்திருக்கிறேன். அதில் வேண்டுமென்றே மூன்று இடத்தில் கோளாறு வைத்திருக்கிறேன். ஒன்றுக்கு முக்கோணம் தெரியும், மற்ற இரண்டுக்கும் தெரியாது. கண்டுபிடிக்க விரும்புகிறவர்கள் வரலாம். வீட்டில் பால் அட்டை இருந்தால் அதன் போட்டோவையும் கொண்டுவாருங்கள், சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.